ஒளியிழையில் திரும்பி வரும் ஒளியைப் பிரிப்பது எப்படி? ஆப்டிகல் சர்க்குலேட்டர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்டிகல் சர்க்குலேட்டர் என்ன வேலை செய்கிறது?

ஒரே ஒளியிழையில் எதிரெதிர்த் திசைகளில் செல்லும் ஒளியை, இரண்டின் அலைநீளமும் ஒன்றாகவே இருந்தாலும், செல்லும் திசையை மட்டுமே அடையாளமாகக் கொண்டு பிரித்துத் தனித்தனி இழைகளில் சேர்ப்பதே இதன் வேலை. வழக்கமான சர்க்குலேட்டரில் மூன்று போர்ட்டுகள் உண்டு. 1-ஆம் போர்ட்டில் நுழையும் ஒளி 2-ஆம் போர்ட்டில் வெளிவரும். 2-ஆம் போர்ட்டில் நுழையும் ஒளியோ வந்த வழியே 1-க்குத் திரும்பாமல் 3-ஆம் போர்ட்டுக்குச் சென்றுவிடும். நான்கு போர்ட்டுகள் கொண்டவற்றில் 3-இலிருந்து 4-க்கும் ஒரு வழி கூடுதலாக இருக்கும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. அசையும் பாகம் எதுவும் இல்லை. சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் விட்டமும் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஓர் உலோகக் குழலுக்குள் சில படிகத் துண்டுகளும், லென்ஸ்களும், ஒரு நிரந்தரக் காந்தமும் இருக்கின்றன.

சுற்றுப்படங்களில் இதை ஒரு வட்டமாகவும் அதற்குள் வளைந்த அம்புக்குறியாகவும் வரைவது வழக்கம். அதைப் பார்ப்பவர்கள், ரவுண்டானாவில் வண்டி சுற்றுவதுபோல ஒளி உள்ளே சுற்றி வருகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஒளி ஏறக்குறைய நேர்கோட்டில்தான் செல்கிறது. திரும்பும் பயணத்தில் மட்டும் மிகச் சிறிதளவு பக்கவாட்டில் விலகி, அருகிலிருக்கும் வேறோர் இழையில் போய் விழுகிறது.

இதற்கு ஒரு சாதாரண கப்ளர் போதாதா?

சில இடங்களில் போதும். விலையும் குறைவு. ஆனால் ஒளியைப் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கும் கப்ளர் திசையை அறியாது. போகும்போது பாதி ஒளி வேறு கிளையில் வீணாகிறது. திரும்பி வரும்போது மீண்டும் பாதி வீணாகிறது. எனவே, எதிரே முழுமையாகப் பிரதிபலிக்கும் கண்ணாடியே இருந்தாலும், அனுப்பிய ஒளியில் கால் பங்குதான் ஏற்பியை வந்தடையும். அதாவது 6 டெசிபல் இழப்பு. சர்க்குலேட்டரில் ஒரு கடப்புக்கு 0.8 டெசிபல் இழப்பு என்று வைத்துக்கொண்டால், இரு கடப்புகளுக்குப் பின்னரும் ஏறத்தாழ 69 சதவீத ஒளி எஞ்சியிருக்கும்.

இழப்பைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கப்ளரில் திரும்பி வரும் ஒளியில் ஒரு பாதி நேராக லேசரையே சென்றடைகிறது. குறைகடத்தி லேசர்கள் தம்முள் திரும்பி நுழையும் ஒளியால் எளிதில் நிலைகுலைபவை. அவற்றின் செறிவில் இரைச்சல் கூடும், அலைநீளம் தாவும். கப்ளரைப் பயன்படுத்தினால், ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் ஐசோலேட்டர் ஒன்றும் லேசருக்கு முன் தனியாக வேண்டியிருக்கும். சர்க்குலேட்டர் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே தருகிறது.

லென்ஸ், கண்ணாடி, முப்பட்டகம் ஆகியவற்றை மட்டும் கொண்டு இதைச் செய்ய முடியாதா?

முடியாது, கைத்திறன் போதாததால் அன்று, இயற்பியல் இடங்கொடுக்காததால். காந்தப்புலம் ஏதுமற்ற, காலத்தால் மாறாத, சாதாரண ஒளியியல் ஊடகங்களில் ஒளி எந்த வழியாகச் சென்றதோ அதே வழியாகவே திரும்பவும் வரும். ஒரு போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு ஒளி கடக்கிறதோ, அதே அளவு ஒளி எதிர்த்திசையிலும் கடந்தாக வேண்டும் என்பது இதன் பொருள். கண்ணாடிகளை எத்தனை கெட்டிக்காரத்தனமாக அடுக்கினாலும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்ப இயலாது.

இதை மீறுவதற்கான வழியை 1845-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்றைக் காந்தப்புலத்தில் வைத்து, அந்தப் புலத்தின் திசையிலேயே தளவிளைவுற்ற (அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும்) ஒளியைச் செலுத்தினால், ஒளியின் அதிர்வுத் தளம் சற்றே திரும்புவதை அவர் கண்டார். திரும்பும் கோணம் காந்தப்புலத்தின் வலிமையையும், ஊடகத்தின் நீளத்தையும், அந்த ஊடகத்துக்கே உரிய வெர்டே மாறிலியையும் பொறுத்தது.

சர்க்கரைக் கரைசலும் அதிர்வுத் தளத்தைத் திருப்பக்கூடியதுதான். ஆனால் அங்கே சுழற்சியின் போக்கு ஒளி செல்லும் திசையைச் சார்ந்தது; ஆகையால் அதே ஒளியைத் திருப்பி அனுப்பினால், போகும்போது ஏற்பட்ட சுழற்சி வரும்போது கழிந்துவிடும். ஃபாரடே விளைவில் சுழற்சியின் போக்கைத் தீர்மானிப்பது காந்தப்புலம். ஒளி எப்பக்கமிருந்து வருகிறது என்பதை அது கணக்கில் கொள்வதே இல்லை. போகும்போது 45 டிகிரி திரும்பிய தளம், வரும்போது அதே போக்கில் மேலும் 45 டிகிரி திரும்பி, புறப்பட்ட தளத்துக்குச் செங்குத்தாக, அதாவது 90 டிகிரியில் வந்து நிற்கும். சர்க்குலேட்டரின் சாரம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. மற்ற பாகங்கள் அனைத்தும் இந்த 90 டிகிரி வேறுபாட்டை இட வேறுபாடாக மாற்றித் தரும் வடிவியல் ஏற்பாடுகளே.

அதிர்வுத் தளம் திரும்புவது எப்படி வழி மாறுவதாக ஆகிறது?

இங்கே இரண்டு துணைப் பொருள்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, இரட்டை ஒளிவிலகல் கொண்ட படிகம். தகுந்த கோணத்தில் வெட்டப்பட்ட இத்தகைய படிகத்தில், ஒரு தளத்தில் அதிரும் ஒளி நேராகச் செல்லும். அதற்குச் செங்குத்தான தளத்தில் அதிரும் ஒளி சாய்வாகச் சென்று, வெளியேறும்போது பக்கவாட்டில் விலகியிருக்கும். இட்ரியம் வனடேட் படிகத்தில் இந்த விலகல், படிக நீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மற்றொன்று, அரை அலைத் தகடு. இதுவும் அதிர்வுத் தளத்தைத் திருப்பும். ஆனால் சாதாரண ஊடகம் என்பதால், போகும்போது திருப்பியதை வரும்போது மீட்டுவிடும்.

ஃபாரடே சுழற்றியையும் அரை அலைத் தகட்டையும் அடுத்தடுத்து வைத்தால், ஒரு திசையில் 45-உம் 45-உம் கூடி 90 டிகிரி ஆகிறது. எதிர்த்திசையில் தகட்டின் பங்கு மட்டும் குறி மாறுவதால் 45-இல் 45 கழிந்து சுழற்சியே இல்லாமல் போகிறது. ஒரு திசையில் தளம் மாறும், மறு திசையில் மாறாது. இந்த இணைக்குப் பின்னால் படிகத்தை வைத்துவிட்டால் ஒரு திசை ஒளி நேராகவும் மறு திசை ஒளி விலகியும் செல்வதை உறுதி செய்துவிடலாம்.

இழையில் வரும் ஒளியின் தளவிளைவு நிலை தாறுமாறாக மாறுமே, அப்போது என்ன ஆகும்?

மிகச் சரியான கேள்வி. சாதாரண ஒளியிழை ஒளியின் தளவிளைவு நிலையைக் காப்பாற்றுவதில்லை. இழையை வளைத்தாலும், சூடாக்கினாலும், யாராவது தொட்டாலும்கூட அது மாறும். ஆகவே சர்க்குலேட்டர் எந்த நிலையில் வரும் ஒளிக்கும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். இதற்குக் கையாளப்படும் உத்தி, வரும் ஒளியை முதலிலேயே இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே நடத்திச் சென்று, கடைசியில் மீண்டும் ஒன்றாக்குவது. சற்றுப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால் இது கடினமில்லை.

1-ஆம் போர்ட்டிலிருந்து வரும் கற்றை முதல் படிகத்தில் மேலும் கீழுமாக இரு கற்றைகளாகப் பிரிகிறது. மேற்கற்றை கிடைத் தளத்திலும் கீழ்க்கற்றை செங்குத்துத் தளத்திலும் அதிர்வதாகக் கொள்வோம். அடுத்து, ஒவ்வொன்றின் பாதையிலும் தனித்தனி அரை அலைத் தகடு இருக்கிறது. ஒன்று தளத்தை 45 டிகிரி வலமாகவும் மற்றொன்று 45 டிகிரி இடமாகவும் திருப்பும். இரண்டுக்கும் பொதுவான ஃபாரடே சுழற்றி 45 டிகிரி வலமாகத் திருப்பும். விளைவாக மேற்கற்றை மொத்தம் 90 டிகிரி திரும்பிச் செங்குத்துத் தளத்துக்கு வருகிறது. கீழ்க்கற்றை திரும்பாமல் செங்குத்துத் தளத்திலேயே நிற்கிறது. இப்போது இரண்டும் ஒரே தளத்தில் அதிர்கின்றன. நடுவிலுள்ள படிகம் கிடைத் தளத்தில் அதிரும் ஒளியை மட்டுமே பக்கவாட்டில் தள்ளும்படி வைக்கப்பட்டிருப்பதால், இவ்விரு கற்றைகளும் அதை நேராகக் கடந்து, மறுபுறத்தில் இதே ஏற்பாட்டின் பிரதிபிம்பம் போன்ற தொகுதியால் மீண்டும் ஒன்றிணைந்து 2-ஆம் போர்ட்டில் நுழைகின்றன.

2-ஆம் போர்ட்டிலிருந்து திரும்பி வரும் ஒளியும் இவ்வாறே பிரிந்து, தளம் ஒன்றாக்கப்பட்டு நடுப் படிகத்தை அடைகிறது. ஆனால் ஃபாரடே சுழற்றி செய்த வேறுபாட்டால் இம்முறை இரு கற்றைகளும் கிடைத் தளத்தில் அதிர்கின்றன. ஆகவே நடுப் படிகம் இரண்டையும் ஒருசேரப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. எஞ்சிய தொகுதியைக் கடக்கும்போது அவை மீண்டும் செங்குத்தான இரு தளங்களைப் பெற்று, முதல் படிகத்தில் ஒன்றுசேர்ந்து, 1-ஆம் போர்ட்டுக்குச் சற்றுத் தள்ளி வெளியேறுகின்றன. அந்த இடத்தில் காத்திருக்கும் இழைதான் 3-ஆம் போர்ட்.

இன்றைய கருவிகளில் 1-ஆம், 3-ஆம் இழைகள் இரண்டையும் ஒரே லென்ஸின் பின்னால் அருகருகே பொருத்திவிடுகிறார்கள். விலகலைப் பக்கவாட்டுத் தூரமாக உண்டாக்காமல், சிறு கோண வேறுபாடாக உண்டாக்கும் முப்பட்டகங்களைப் பயன்படுத்துகிறார்கள். படிகங்கள் சிறிதாகின்றன, விலையும் இறங்குகிறது. கருத்து மாறவில்லை.

ஃபாரடே சுழற்றிக்கு எந்தப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள்?

ஃபாரடேயின் கண்ணாடியில் இச்சுழற்சி மிகக் குறைவு. தொலைத்தொடர்புக்கு உரிய 1310, 1550 நானோமீட்டர் பகுதிகளில் இரும்பு கார்னெட் படிகங்கள் ஒளியை நன்றாகக் கடத்துவதோடு வலிமையான சுழற்சியையும் தருகின்றன. இட்ரியம் இரும்பு கார்னெட்டில் 45 டிகிரி பெற இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். பிஸ்மத் சேர்த்த கார்னெட் படலத்தில் 1550 நானோமீட்டரில் அரை மில்லிமீட்டர் அளவே போதும். இந்தக் கருவி கைக்கடக்கமாகவும் விலை தாங்கக்கூடியதாகவும் ஆனதற்கு பிஸ்மத் கார்னெட்டே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. இந்தப் பொருள்கள் காந்தச் செறிவுநிலை வரை காந்தமாக்கப்பட்டிருப்பதால், அருகில் சிறு காந்தம் ஒன்று வந்தாலும் சுழற்சிக் கோணம் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை.

3-ஆம் போர்ட்டில் ஒளியைச் செலுத்தினால் 1-இல் வெளிவருமா?

பெரும்பாலான வணிகக் கருவிகளில் வெளிவராது. இரண்டு இழைகளும் ஒரே பக்கத்தில் இருப்பதாலும், இந்த வழி நடைமுறையில் அரிதாகவே தேவைப்படுவதாலும் அது அமைக்கப்படுவதில்லை. 3-இலிருந்து 1-க்கும் வழி தந்து சுற்றை முழுமையாக்கும் வகைகளும் செய்யப்படுகின்றன, விலை கூடுதல்.

ஐசோலேட்டருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இரண்டும் ஒரே விளைவால் இயங்குகின்றன. ஐசோலேட்டர் திரும்பி வரும் ஒளியை ஓரமாகத் தள்ளி வீணாக்கிவிடுகிறது. சர்க்குலேட்டர் அந்த ஒளி விழும் இடத்தில் ஓர் இழையை வைத்து அதைச் சேகரித்துக்கொள்கிறது. 3-ஆம் போர்ட்டைப் பயன்படுத்தாமல் விட்டால் சர்க்குலேட்டரே ஓர் ஐசோலேட்டர்தான்.

ஒளியை ஒரு திசையில் மட்டும் விடுவது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு முரணாகாதா?

இந்த ஐயம் புதிதன்று. ஃபாரடே விளைவைக் கொண்டு ஒருவழி ஒளிப்பாதை அமைக்கலாம் என்று 1885-இலேயே சுட்டிக்காட்டிய ரேலி பிரபு, 1901-இல் இந்தக் கேள்வியைத் தனியாகவே எடுத்து எழுதினார். சம வெப்பநிலையில் இரு பொருள்களை வைத்து, இடையே ஒருவழிப் பாதையை அமைத்தால் ஒன்று குளிர்ந்து மற்றொன்று சூடாகிவிடாதா என்பதுதான் ஐயம். ஆகாது. ஒரு பாதையில் தடுக்கப்படும் ஒளி மறைந்துவிடுவதில்லை. அது வேறோர் இடத்துக்குச் செல்கிறது, அங்கிருந்தும் அதே அளவு வெப்பக் கதிர்வீச்சு வந்து கணக்கை நேர் செய்துவிடுகிறது. சர்க்குலேட்டரை நினைத்துப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும்: ஒவ்வொரு போர்ட்டும் ஓரிடத்துக்குக் கொடுத்து, மற்றோர் இடத்திலிருந்து பெறுகிறது, வரவும் செலவும் சமமாகவே இருக்கின்றன.

விவரத்தாளில் எந்த எண்களைக் கவனிக்க வேண்டும்?

முதலில் எல்லோரும் பார்ப்பது கடப்பு இழப்பு. ஒரு கடப்புக்கு 0.6 முதல் 1 டெசிபல் வரை இருப்பது இயல்பு. அடுத்து, 2-இலிருந்து 1-க்குக் கசியும் ஒளியைக் குறிக்கும் தடுப்பு அளவு; இது 40 டெசிபல் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கசிகிறது என்று பொருள். இந்த எண்ணைக் கட்டுப்படுத்துவது சுழற்சிக் கோணத்தின் துல்லியம். 45 டிகிரியிலிருந்து ஒரு டிகிரி பிசகினாலே ஓரடுக்குக் கருவியின் தடுப்பு 35 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு டிகிரி பிசகினால் 29 டெசிபல்தான். கார்னெட்டின் சுழற்சிக் கோணம் வெப்பநிலையோடும் அலைநீளத்தோடும் மெல்ல மாறும் இயல்புடையது. எனவே அறை வெப்பநிலையில், நடு அலைநீளத்தில் அளந்த உச்ச மதிப்பைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், முழு வெப்பநிலை வரம்பிலும் முழு அலைநீளப் பட்டையிலும் உறுதியளிக்கப்படும் குறைந்தபட்ச மதிப்பைத் தேட வேண்டும்.

ஆனால் பலர் கவனிக்கத் தவறுவது 1-இலிருந்து 3-க்கு நேரடியாகக் கசியும் ஒளி. உள்ளிருக்கும் பரப்புகளில் ஏற்படும் சிறு பிரதிபலிப்புகளும் சிதறல்களும் இதற்குக் காரணம். நல்ல கருவிகளில் இது 50 டெசிபலுக்கும் கீழே இருக்கும், அதாவது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. 2-ஆம் போர்ட்டுக்கு அப்பால் நல்ல பிரதிபலிப்பான் இருந்தால் இந்தக் கசிவு பொருட்டே அல்ல. மாறாக, இழையின் கண்ணாடியிலேயே நிகழும் ரேலி பின்சிதறலை அளக்கும் கருவியில் நிலைமை வேறு. 1550 நானோமீட்டரில் ஒரு மைக்ரோவினாடித் துடிப்புக்கு அந்தப் பின்சிதறலே அனுப்பிய திறனில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான். கசிவும் அளக்க வேண்டிய ஒளியும் ஒரே அளவில் வந்து நிற்கும். துடிப்பாக அனுப்பும் கருவிகளில் கசிவு முதலில் வந்து முடிந்துவிடும், தொடக்கத்தில் துடிப்பின் நீளத்துக்கேற்பச் சிறிது தூரம் மட்டும் குருடாகும். தொடர்ச்சியாக ஒளி அனுப்பும் கருவிகளில் அது நீங்காமல் உடனிருக்கும்.

இவை தவிர, தளவிளைவைச் சார்ந்த இழப்பு 0.1 முதல் 0.2 டெசிபல், பிரிந்த இரு கற்றைகளுக்கு இடையேயான தாமதம் 0.1 பிகோவினாடி அளவு என்று குறிப்பிடுவார்கள். தரவு வேகத்தைக் கருவி கட்டுப்படுத்துமா என்று சிலர் கேட்பதுண்டு. இவ்வளவு சிறிய தாமதத்தால் இன்றைய வேகங்களுக்கு இடையூறில்லை.

பிராக் கீற்றணியோடு இதை ஏன் எப்போதும் சேர்த்தே பேசுகிறார்கள்?

பிராக் கீற்றணி என்பது இழையின் உள்ளகத்தில் ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் ஏற்றியிறக்கி எழுதிய வரிசை. 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர் இதை முதலில் கண்டறிந்தனர். 1989-இல் ஜெரால்ட் மெல்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பக்கவாட்டிலிருந்து புறஊதா ஒளியால் விரும்பிய அலைநீளத்துக்கு எழுதும் முறையைக் காட்டினர். 1550 நானோமீட்டருக்கு இந்த இடைவெளி சுமார் 0.53 மைக்ரான். அந்த ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பி, மற்றவற்றை அப்படியே கடக்க விடும் மிக நேர்த்தியான வடிகட்டி அது. அதன் ஒரே குறை, தேர்ந்தெடுத்த அலைநீளத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவது. திரும்பியதை வெளியே எடுக்கும் வழி இல்லாவிட்டால் அதனால் பெரும்பயன் இல்லை. அந்த வழியைச் சர்க்குலேட்டர் தருகிறது. பல அலைநீளங்கள் செல்லும் இழையிலிருந்து ஒன்றை மட்டும் இறக்கி, அதே அலைநீளத்தில் வேறு தரவை ஏற்ற, ஒரு கீற்றணியும் அதன் இருபுறமும் இரு சர்க்குலேட்டர்களும் போதும்.

கீற்றணியின் இடைவெளியைச் சிறிது சிறிதாக மாற்றி எழுதினால், வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு ஆழங்களிலிருந்து திரும்பும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கீற்றணியின் இரு முனைகளுக்கிடையே போய்வரும் கால வேறுபாடு ஏறத்தாழ ஒரு நானோவினாடி. சாதாரண இழையில் ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு நானோமீட்டர் அலைநீள வேறுபாட்டுக்கு, சுமார் 17 பிகோவினாடி தாமத வேறுபாடு (சிதைவு) ஏற்படுகிறது. ஒரு நானோமீட்டர் அகலப் பட்டைக்கு எழுதிய இக்கீற்றணி, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இழையில் சேர்ந்த சிதைவை ஒரே பிரதிபலிப்பில் சரிசெய்துவிடும்.

தரவு மையங்களில் சர்க்குலேட்டர் திடீரென முக்கியத்துவம் பெற்றது ஏன்?

நெடுங்காலமாக ஆய்வகங்களிலும் சிறப்புக் கருவிகளிலும் மட்டும் இருந்த இந்தப் பொருள், கூகுள் நிறுவனத்தின் தரவு மைய வலையமைப்பில் பெருமளவில் இடம்பிடித்தது. அந்நிறுவனம் 2022-லும் 2023-லும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் இதன் அமைப்பு விளக்கப்பட்டுள்ளது. அங்கே மின்னணு ஸ்விட்சுகளின் உச்ச அடுக்குக்குப் பதிலாக, நுண்ணிய கண்ணாடிகளைச் சாய்த்து ஓர் இழையின் ஒளியை மற்றோர் இழைக்குத் திருப்பும் பலோமார் என்னும் ஒளி ஸ்விட்ச் பயன்படுத்தப்படுகிறது. அதில் ஒவ்வொரு பக்கமும் 136 போர்ட்டுகள். 128 பயன்பாட்டுக்கு, 8 மாற்றுக்கு.

இத்தகைய ஸ்விட்சில் விலையுயர்ந்தது ஒவ்வொரு போர்ட்டும்தான். வழக்கப்படி அனுப்ப ஓர் இழை, பெற ஓர் இழை என்று வைத்தால் ஒவ்வோர் இணைப்பும் இரண்டு போர்ட்டுகளைத் தின்றுவிடும். கண்ணாடிக்கு ஒளி எத்திசையில் செல்கிறது என்பது பொருட்டல்ல. எனவே அனுப்பியும் ஏற்பியும் ஒன்றாக அமைந்த டிரான்ஸ்சீவரிலேயே ஒரு சர்க்குலேட்டரை வைத்து, அனுப்பியை 1-ஆம் போர்ட்டிலும் ஏற்பியை 3-ஆம் போர்ட்டிலும் இணைத்து, 2-ஆம் போர்ட்டிலிருந்து ஒற்றை இழையை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரே இழையில், ஒரே அலைநீளங்களில், இரு திசையிலும் தரவு ஓடுகிறது. டிபியு எனப்படும், செயற்கை நுண்ணறிவுக்கான கூகுளின் சில்லுகளைக் கொண்ட நான்காம் தலைமுறைக் கணினித் தொகுதியில் 4096 சில்லுகள், ஒவ்வொன்றும் 64 சில்லுகள் கொண்ட 64 அடுக்குகளாக அமைந்து, 48 ஒளி ஸ்விட்சுகளால் இணைக்கப்பட்டுள்ளன. சர்க்குலேட்டர் இல்லாதிருந்தால் ஸ்விட்ச் போர்ட்டுகளும் இழைகளும் இரு மடங்காகியிருக்கும். ஒளி ஸ்விட்சுகளும் அவற்றைச் சார்ந்த ஒளியியல் பாகங்களும் சேர்ந்து மொத்தச் செலவில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று இத்தொகுதி பற்றிய 2023 கட்டுரை கூறுகிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே இழையில் ஒரே அலைநீளம் இரு திசையிலும் செல்லும்போது, நம் அனுப்பியின் ஒளி வழியில் எங்காவது பிரதிபலித்துத் திரும்பினால், அது எதிர்முனையிலிருந்து வரும் உண்மையான தரவோடு சேர்ந்து 3-ஆம் போர்ட்டுக்கே வந்துவிடும். சர்க்குலேட்டர் திசையை மட்டுமே அறியும். அந்த ஒளி யாருடையது என்பதை அறியாது. அலைநீளமும் ஒன்றாக இருப்பதால் வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. ஒரு கணக்கைப் பார்ப்போம். இரு முனைகளும் ஒரே திறனை அனுப்புகின்றன. வழி இழப்பு 5 டெசிபல். நம் பக்கத்தில் ஓர் அழுக்கான கனெக்டர் 30 டெசிபல் அளவுக்குப் பிரதிபலிக்கிறது. அப்போது ஏற்பியில் தரவுக்கும் குறுக்கீட்டுக்கும் உள்ள வித்தியாசம் 25 டெசிபல், ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கு. அற்பமாகத் தோன்றும். ஆனால் இரு லேசர்களின் அலைநீளங்கள் மிக நெருங்கியிருந்தால் இரு ஒளிப்புலங்களும் குறுக்கிட்டு, பெறும் திறனைப் பதினொரு சதவீதம் வரை ஏற்றியிறக்கும். நான்கு செறிவு மட்டங்களில் தரவை எழுதும் இன்றைய முறையில் இரு மட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி முழு வீச்சில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதை நினைத்தால், பதினொரு சதவீதம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

இருவழி இணைப்பு கோளாறு செய்யும்போது முதலில் சர்க்குலேட்டரைச் சந்தேகிப்பதே வழக்கமாக இருக்கிறது. 2-ஆம் போர்ட்டுக்கு அப்பாலுள்ள கனெக்டர்களை முதலில் துடைப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது என் கருத்து. முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்ட, பச்சை நிறக் கனெக்டர்கள் இங்கே மிகவும் உதவும். நன்கு இணைத்தால் அவற்றின் பிரதிபலிப்பு 60 டெசிபலுக்கும் கீழே இருக்கும்.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பிலும் ஒரே இழைதானே இருக்கிறது? அதில் சர்க்குலேட்டர் உண்டா?

இல்லை. ஜிபான் இணைப்புகளில் வீட்டை நோக்கி 1490 நானோமீட்டரும், வீட்டிலிருந்து 1310 நானோமீட்டரும் செல்கின்றன. அலைநீளங்கள் வேறாக இருப்பதால் மலிவான ஒரு வடிகட்டியே பிரித்துவிடுகிறது. அலைநீளம் வேறாக இருக்கும் இடத்தில் சர்க்குலேட்டரை வைப்பது வீண் செலவு.

உணரிகளிலும் மருத்துவக் கருவிகளிலும் இது எவ்வாறு பயன்படுகிறது?

பாலம், சுரங்கப்பாதை, குழாய் ஆகியவற்றில் பதிக்கப்படும் பிராக் கீற்றணி உணரிகள் வெப்பநிலைக்கும் இழுவிசைக்கும் ஏற்பத் தம் அலைநீளத்தை மாற்றுகின்றன. 1550 நானோமீட்டரில் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 10 பிகோமீட்டர். ஒளியை அனுப்பவும் திரும்புவதைப் படிக்கவும் சர்க்குலேட்டர் நடுவில் நிற்கிறது. இழை முழுவதையுமே உணரியாக்கி அதிர்வை அளக்கும் முறைகளிலும் இதே இடம்.

கண் மருத்துவத்தில் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி என்னும் ஒளிவழிப் படப்பிடிப்பு முறையை 1991-இல் எம்ஐடி குழுவினர் வெளியிட்டனர். தொடக்கக் கருவிகளில் கப்ளர்களே இருந்தன. கண்ணுக்குள் செலுத்தக்கூடிய ஒளியின் அளவுக்குப் பாதுகாப்பு உச்சவரம்பு உண்டு; ஒளியை அதிகமாக்கிப் படத்தைத் தெளிவாக்கும் வழி அடைபட்டிருப்பதால், திரும்பி வரும் ஒவ்வொரு துளி ஒளியும் முக்கியம். மாதிரிக் கிளையிலும் ஒப்பீட்டுக் கிளையிலும் சர்க்குலேட்டர்களை வைத்தால் திரும்பும் ஒளி ஏறத்தாழ முழுமையாகக் கிடைப்பதுடன், இரு உணரிகளின் வேறுபாட்டை எடுத்து இரைச்சலைக் கழிக்கவும் வசதியாகிறது.

1550 நானோமீட்டருக்கு வாங்கியதை 1310-இல் பயன்படுத்தலாமா?

கூடாது. அலைநீளம் குறையும்போது கார்னெட்டின் சுழற்சி கணிசமாகக் கூடும். அரை அலைத் தகடும் அரை அலைத் தகடாக இராது. ஒளி எல்லாப் போர்ட்டுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்.

எவ்வளவு திறனைத் தாங்கும்?

சாதாரணக் கருவிகளுக்கு 300 முதல் 500 மில்லிவாட் வரை உச்சவரம்பு குறிப்பிடுவார்கள். ஒளிப்பாதையில் பசை இருந்தால் அதுவே முதலில் கருகும். கார்னெட்டும் சிறிது ஒளியை உறிஞ்சிச் சூடேறும். சூடேறினால் சுழற்சிக் கோணம் மாறித் தடுப்பு குறையும். ஃபைபர் லேசர்களில் 1064 நானோமீட்டர் பகுதியில் பயன்படும் உயர்திறன் வகைகளில் உறிஞ்சல் குறைந்த டெர்பியம் காலியம் கார்னெட்டைப் பயன்படுத்துகிறார்கள். சுழற்சி குறைவு என்பதால் நீண்ட படிகமும் வலிமையான காந்தமும் வேண்டும், கருவியும் பருத்துவிடும்.

கையிலுள்ள சர்க்குலேட்டர் நலமாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு நிலையான ஒளிமூலமும் ஒரு திறன்மானியும் இருந்தால் போதும். 1-இல் ஒளியைச் செலுத்தி 2-இல் அளக்கவும். பிறகு 2-இல் செலுத்தி 3-இலும் 1-இலும் அளக்கவும். 1-இலிருந்து 3-க்குக் கசிவதை அளக்கும்போதுதான் தவறு நேர்கிறது. 2-ஆம் இழையின் முனை காற்றில் திறந்திருந்தால், கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையிலான பரப்பு ஏறத்தாழ மூன்றரை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். செலுத்தியதைவிடச் சுமார் 15 டெசிபல் மட்டுமே குறைந்த ஒளி 3-இல் வந்து, நல்ல கருவி கெட்டதாகத் தோன்றும். ஆகவே 2-ஆம் இழையை மெல்லிய குச்சியில் இறுக்கமாகப் பல சுற்றுகள் சுற்றி, ஒளியை வழியிலேயே வெளியேற்றிவிட வேண்டும். வளைவைத் தாங்கும்படி செய்யப்பட்ட ஜி.657 வகை இழையில் இந்த உத்தி சரியாகப் பலிக்காது. அங்கே முனையைச் சாய்வாக வெட்டியோ, ஒளிவிலகல் எண் பொருந்தும் ஜெல்லில் தோய்த்தோ வைக்கலாம். இந்த அலைநீளங்கள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், ஒளி வருகிறதா என்று முனையை எட்டிப் பார்க்கக் கூடாது.

இதைச் சிலிக்கான் சில்லுக்குள் கொண்டுவர முடியாதா?

லேசரைத் தவிர ஏறக்குறைய எல்லா ஒளியியல் பாகங்களும் சிலிக்கானில் ஓரளவு வந்துவிட்டன. சர்க்குலேட்டர் இன்னும் முரண்டு பிடிக்கிறது. கார்னெட்டின் படிக அமைப்பும் வெப்ப விரிவும் சிலிக்கானோடு பொருந்தாததால் அதன்மேல் நல்ல படலத்தை வளர்ப்பது கடினம். சீரியம் சேர்த்த கார்னெட் துண்டைத் தனியாக வளர்த்துச் சிலிக்கானின் மேல் ஒட்டுவது ஒரு வழி. இங்கே அதிர்வுத் தளத்தைத் திருப்புவதற்குப் பதிலாக, இரு திசைகளிலும் ஒளியின் கட்டம் வெவ்வேறாக மாறும்படி செய்து, குறுக்கீட்டின் மூலம் வழியைப் பிரிக்கிறார்கள். காந்தமே இல்லாமல், அலைவழியின் ஒளிவிலகல் எண்ணை நேரத்தோடு மாற்றிக்கொண்டே இருப்பது மற்றொரு வழி. இரண்டும் ஆய்வகங்களில் இயங்கிக் காட்டப்பட்டவைதான். ஆனால் இழப்பிலும், அலைநீளப் பட்டையின் அகலத்திலும், எல்லாத் தளவிளைவு நிலைகளையும் சமமாக நடத்துவதிலும் அவை குழலுக்குள் அடைத்த படிகத் துண்டுகளுக்கு இன்னும் ஈடாகவில்லை.